பன்னு சந்தோஷமா இருக்குதுங்களா, சித்தி?

எலி இல்லீங்க்கா அந்தப் பெட்டியில இருக்கறது. எல்லாருந்தான் கேக்கறாங்க. கண்டக்டர்கூட டிக்கெட் போடறப்ப எட்டிப் பாத்துட்டு, "என்ன பாப்பா, பெருச்சாளியா?"ன்னாரு. கினி பிக்குங்க. பன்னுன்னு பேரு. பேக்கரி பன்னு மாதிரியே மேல செவப்பு, அடியில வெள்ளை. ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க. அதுதான் நம்மளப் பாத்துப் பயப்படும்.

ஆமாங்க, எங்கூட வந்த புள்ளதான். மூணாவது சீட்டுல ஜன்னலோரமா, மடியில அட்டைப்பெட்டி வெச்சுட்டு இருக்காளே, அவதான். பக்கத்துல எடம் இருக்குதுங்க. மொதல்ல நான் அங்கதான் உக்காந்தேன். அவ பையைத் தூக்கி நடுவுல வெச்சா. செரி, எடம் பத்தலைன்னு எந்திரிச்சு இங்க வந்துட்டேன். நீங்க சித்த நகந்து எடம் குடுத்தீங்க, நல்லா இருப்பீங்க.

கனிஷ்கான்னு பேரு. எட்டாவது படிக்கறா. எங்க ஊட்டுக்காரருக்கு மொத தாரத்துப் பொண்ணுங்க. அவங்கம்மா மஞ்சக்காமாலையில போயி நாலு வருசமாச்சு. எனக்குச் செவ்வாய் தோஷம், முப்பத்தஞ்சு வரைக்கும் ஒண்ணும் அமையல. போன வருசம் தை மாசம் இவரைக் கட்டிக்கிட்டேன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசருங்க நானு. பீஸ்ல ஒரு நூல் தொங்குனாப் போதும், பத்தடி தள்ளி நின்னே சொல்லிருவேன். கோகிலவாணி கண்ணு கழுகுக் கண்ணும்பாங்க கம்பெனியில.

நான் கெட்டவ இல்லீங்க்கா. இத மொதல்லயே சொல்லிடறேன். அவ மேல ஒருநாள் கை வெச்சதில்ல. சாப்பாட்டுல குறை வெச்சதில்ல. அவளும் அப்படித்தான், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா. என்ன சொன்னாலும் "செரிங்க சித்தி"தான். கம்பெனியில எல்லாரும் கேப்பாங்க, மூத்தாளோட பொண்ணு இருக்குதே, எப்படிச் சமாளிக்கறேன்னு. நான் சொல்லுவேன், "எனக்கென்ன, அமைதியான புள்ள, ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு. பெருமையாத்தான் சொல்லுவேன்.

நான் அந்த ஊட்டுக்குப் போனப்ப ஹாலுக்குள்ள ஒரு கூண்டு. உள்ள ரெண்டு உருப்படி. இந்தப் பன்னு, இன்னொண்ணு ரஸ்க்கு. அம்மா போனப்பறம் புள்ள யார்கிட்டயும் பேசறதில்லைன்னு அவங்கப்பா வாங்கிக் குடுத்தாராம். எனக்கு அந்த வாசம் ஆகலீங்க. புல்லும் புழுக்கையுமா ஹால்ல வெச்சுட்டு, நாலு ஒறம்பரை வந்தா எங்க உக்கார வெக்கறது? அதனால பின்னாடி வாஷிங் மெஷின் இருக்கற எடத்துக்கு மாத்தினேன். மேல தகரம் போட்டிருக்கும், மழை நனையாது. அவகிட்டக் கேட்டுட்டுத்தான் மாத்தினேன். "மாத்தட்டுமா கண்ணு?"ன்னேன். "செரிங்க சித்தி"ன்னா. மூஞ்சியைக்கூடச் சுளிக்கல.

அவங்கம்மா போட்டோவைக்கூட நானா எடுக்கலீங்க. பெயிண்ட் அடிக்கறவன் எடுத்து வெச்சான். திருப்பி மாட்டலாம்னா அந்தச் செவுத்துல ஆணி இல்ல. துணி சுத்தி பீரோ மேல பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்.

அப்பறம் சித்திரையில ரஸ்க்கு செத்துப்போச்சு. அதுக்கு மறுமாசம் இவ அவங்கப்பாகிட்டப் போயி, நான் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறேன்னு கேட்டா. நல்லாக் கேட்டுக்கோங்க்கா, நான் அனுப்பல. அவளே கேட்டா. அங்க நல்லாப் படிக்க வெக்கறாங்கன்னு எல்லாருந்தான் சொல்றாங்க, போகட்டும்னு விட்டோம். பன்னுவைக் கொண்டுபோக அங்க விட மாட்டாங்க. "சித்தி, நீங்க பாத்துக்குவீங்களா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. "பாத்துக்கறேன் கண்ணு"ன்னேன். என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னா. அப்பறம் "செரிங்க சித்தி"ன்னுட்டு வண்டியில ஏறிட்டா.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல இருந்து போன் பேச விடுவாங்க. பத்து நிமிசம். அப்பாகிட்டப் பேசுவா, அப்பறம் போனை எங்கிட்டக் குடுக்கச் சொல்லுவா. எங்கிட்டக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "பன்னு சந்தோஷமா இருக்குதுங்களா, சித்தி?"

நான் சொல்லுவேன், "நல்லா இருக்குது கண்ணு. சத்தமே இல்ல. வெச்ச எடத்துல சமத்தா உக்காந்திருக்குது."

அப்பறம், "தழை எடுக்கப் பிரிட்ஜைத் தொறந்தா விசில் அடிக்குதுங்களா?"ம்பா.

"இல்லியே."

"துள்ளுதுங்களா? நின்ன எடத்துலயே ரெண்டு தடவை மேல குதிக்கும்."

"அது எங்க துள்ளுது. அசையறதே இல்ல."

"செரிங்க சித்தி."

போனை வெச்சிருவா. நாலு வாரம் இதே கேள்வி, இதே பதில். எனக்கு ஒரு மாதிரி வெசனமாப் போச்சுங்க்கா. தட்டுல போட்டது காலியாகுது, தண்ணி குறையுது, வேற என்ன வேணும் அதுக்கு? மனுசங்க சந்தோஷமா இருக்கறாங்களான்னே நமக்குத் தெரியறதில்ல, கையளவு பிராணிக்கு எப்படிப் பாக்கறது? கொய்யாப்பழம் வெட்டிப் போட்டேன். கொத்தமல்லி போட்டேன். நான் நிக்கற வரைக்கும் தொடாது. கண்ணை முழிச்சுட்டு மூலையில நிக்கும். நான் இந்தப்பக்கம் வந்தப்பறம் போய்ப் பாத்தா காலியாயிருக்கும். செரி, கூச்சம்னு நெனச்சேன்.

ஒருநாள் கம்பெனியில அரைநாள் லீவு சொல்லிட்டு, நாய் பூனைக்கெல்லாம் பாக்கற டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போனேன். சின்ன வயசுதான் அவங்க. பல்லைப் பாத்தாங்க, எடை போட்டாங்க, நோவு ஒண்ணுமில்லைன்னாங்க. "பின்ன ஏனுங்க இப்படிக் கூச்சப்படுது?"ன்னேன்.

"கூச்சமில்லீங்க, பயம்"ன்னாங்க. "பயந்தா நாய் குரைக்கும், பூனை சீறும். இது அப்படி இல்ல. அசையாம நின்னுரும். பாக்கறவங்களுக்குச் சாதுவா இருக்கற மாதிரித்தான் தெரியும். இது கண்ணை மூடித் தூங்கி நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசிச்சுப் பாத்தேன். பாத்ததே இல்லீங்க.

"தனியாவா இருக்குது? இது கூட்டமா வாழற ஜாதி."

"ஜோடி இருந்துச்சுங்க. சித்திரையில செத்துப்போச்சு."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"பின்னாடிதாங்க. தகரத்துக்கு அடியில."

எழுதிட்டு இருந்த பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. திட்டல. "இதுகளுக்கு வெயில் ஆகாதுங்க"ன்னாங்க, அவ்வளவுதான். அப்பறம், "நீங்க இல்லாதப்ப என்ன பண்ணுதுன்னு போன்ல வீடியோ எடுத்துப் பாருங்க. அப்பத்தான் உங்களுக்கே புரியும்"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

மறுநாளே ஊட்டுக்காரரோட பழைய போனைக் கூண்டுக்கு எதுக்க சாத்தி வெச்சு, சார்ஜரையும் மாட்டி விட்டுட்டுக் கம்பெனிக்குப் போனேன். பொழுதோட வந்து பாத்தேனுங்க.

நான் கெளம்பிப் போயி கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்பறம் மெதுவா வெளிய வருது. சாப்புடுது. காலைத் தூக்கி மூஞ்சியைத் தொடைக்குது. ரஸ்க்கு படுத்திருந்த மூலைக்குப் போயி மோந்து பாத்துட்டு அங்கயே உக்காந்துக்குது. நாலரைக்கு ஸ்கூல் வேன் எங்க தெருவுக்குள்ள ஆரன் அடிச்சுட்டு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் கம்பிகிட்ட ஓடி வந்து, ரெண்டு கையையும் மேல வெச்சு நின்னுட்டு விசில் அடிக்குதுங்க! நான் ஒன்றரை வருசமா அந்த ஊட்டுல இருக்கேன், அப்படி ஒரு சத்தம் அதுகிட்ட இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. வேன் போயிருச்சு. அது நின்னுட்டே இருக்குது. இவதான் அந்த வேன்ல இல்லியே.

அப்பறம் இன்னொரு சத்தம் கேக்குது. வாயில கவ்வியிருந்த புல்லை அப்படியே போட்டுட்டு மூலைக்கு ஓடுது. செலையாட்டம் நின்னுருது. என்ன சத்தம்னு ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன். என் வண்டிச் சத்தமுங்க்கா. நான் ஸ்கூட்டியை நிறுத்தற சத்தம்.

பொறகு வீடியோவுல நானே வர்றேன். குனிஞ்சு, "என்ன பன்னு, சமத்தா இருந்தியா?"ன்னு கேக்கறேன். அது மூச்சுகூட விடாம நிக்குது. நான் சிரிச்சுட்டே உள்ள போறேன்.

அந்த எடத்தை மட்டும் எத்தனை தடவை பாத்தேன்னு தெரியலீங்க. நான் சிரிச்சுட்டுப் போற எடம்.

அடுத்த நாளே கூண்டை ஹாலுக்குக் கொண்டாந்துட்டேன். ஒறம்பரை வந்தா வரட்டும், மூக்கைப் பொத்திக்கட்டும். அட்டைப்பெட்டியில ரெண்டு பக்கமும் வழி வெட்டி உள்ள வெச்சேன், ஒளிஞ்சுக்க. கம்பெனி விட்டு வர்றப்ப தெருமுனையிலயே வண்டியை ஆஃப் பண்ணித் தள்ளிட்டு வருவேன். பக்கத்து ஊட்டு அக்கா, "டெய்லியும் பெட்ரோல் இல்லாமயா வர்றே?"ன்னு கேட்டுச்சு. அதுகிட்ட என்னத்தைச் சொல்றது? பூண்டு உரிக்கறதுன்னாலும் கூண்டுகிட்டயே உக்காந்து உரிப்பேன். அதைப் பாக்க மாட்டேன், வேற பக்கம் பாத்துட்டு இருப்பேன். பாத்தா நின்னுருமே. மூணு வாரத்துக்கப்பறம் நான் இருக்கறப்பவே ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்துட்டுப் போயித் தின்னுச்சு. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா துள்ளலீங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருதடவைகூடத் துள்ளல.

உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். ரஸ்க்கு சும்மா சாகல.

அன்னைக்கு இவ காங்கேயத்துல அவங்க அத்தை ஊட்டுக்குப் போயிருந்தா. போறப்ப, "மத்தியானம் தகரம் கொதிக்கும், ரெண்டையும் உள்ள எடுத்து வெச்சுருங்க சித்தி"ன்னு சொன்னா. செருப்புப் போட்டப்பறம் திரும்பி வந்து இன்னொருக்காச் சொன்னா. மறந்துட்டேனுங்க. அன்னைக்குன்னு பாத்து கம்பெனியில சரக்கு அனுப்பற ஷிப்மெண்ட், சாப்பிடக்கூட நேரமில்ல. சாயங்காலம் வந்து பாத்தா ஒண்ணு படுத்துக் கெடக்குது, இன்னொண்ணு அதும்மேல மூஞ்சியை வெச்சுட்டு இழுத்து இழுத்து மூச்சு விடுது. இவ மறுநாள் வர்றதாத்தான் இருந்துச்சு. எப்படியோ அன்னைக்கே அத்தைகூட வந்துட்டா. நான் அவகிட்ட, "உள்ளதான் கண்ணு வெச்சிருந்தேன். இப்பத்தான் வெளிய எடுத்து வெச்சேன். அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் போல"ன்னு சொன்னேன்.

பொய் சொன்னேன்.

அவ கூண்டுகிட்டப் போனா, அதுல மாட்டியிருந்த தண்ணி பாட்டிலைத் தொட்டா. அவ்வளவுதான். "செரிங்க சித்தி"ன்னா. நம்பிட்டான்னு நெனச்சேன். கழுகுக் கண்ணுங்க எனக்கு.

போன ஞாயித்துக்கிழமை போன் வரல. நானே கூப்பிட்டேன். வார்டன் மேடம்தான் எடுத்தாங்க. "கூப்பிட்டேன், பேச ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா. நீங்க கவலையே படாதீங்க. ரொம்ப அமைதியான பொண்ணு, எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அவ பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்திருப்பா"ன்னாங்க.

ஒண்ணும் தப்பாச் சொல்லல அவங்க. நல்லபடியாத்தான் சொன்னாங்க. நான் போனைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னேன். ஊட்டுக்காரரு, "என்னவாம்?"ன்னாரு. "சனிக்கிழமை நான் போயிப் பாத்துட்டு வர்றேன்"ன்னேன். "பரீட்சை லீவுல வரப் போறா, இப்ப எதுக்கு?"ன்னாரு. இன்னைக்கு வெடியால முதல் பஸ்ஸுல அந்தப் பெட்டியை மடியில வெச்சுட்டு வந்துட்டேன்.

பாக்க வர்றவங்க உக்கார ஒரு கொட்டகை இருக்குது அங்க. இவ வந்தா. கையைப் பின்னாடி கட்டிட்டு நின்னா. "எப்படி இருக்கே கண்ணு?"ன்னேன். "நல்லா இருக்கேனுங்க சித்தி"ன்னா. அசையல. கண்ணுகூட அசையல. பெட்டியைத் தொறந்தேன்.

அவ கீழ உக்காந்தா. நாக்கை மடிச்சு என்னமோ ஒரு சத்தம் குடுத்தா. அது வெளிய வந்து அவ விரலை மோந்துச்சு. பாத்துட்டே இருந்தேன், வாயில தானா வந்துருச்சுங்க. "ரஸ்க்கு தானாச் சாகல கண்ணு. நான் உள்ள எடுத்து வெக்கல. மறந்துட்டேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும்"னா. தலையைத் தூக்கவே இல்ல. "பாட்டில் தண்ணி கொதிச்சுட்டு இருந்துச்சு."

"கண்ணு..."

"தெரியும்னு சொல்றேன்ல!" எந்திரிச்சுட்டா. மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. "ரெண்டு தடவை சொன்னேன்ல உங்ககிட்ட! செருப்புப் போட்டுட்டுத் திரும்பி வந்து சொன்னேன்ல! ஏன் மறந்தீங்க? உங்களுக்கு ஷிப்மெண்ட் மட்டும் மறக்காது! எங்கம்மா போட்டோ மறந்துரும், ரஸ்க்கு மறந்துரும்! எல்லாத்தையும் தூக்கித் தூக்கிப் பின்னாடி போடறீங்க! என்னையும் போட்டீங்க!"

அந்தக் கொட்டகையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. செவுத்துல ஆணி இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லல.

வார்டன் ஓடி வந்துட்டாங்க. "கனிஷ்கா! என்ன பழக்கம் இது? பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? ஸாரி சொல்லு!"

"விடுங்க மேடம்"னேன். "பேசட்டுமுங்க."

அவ பேசினா. அழுதுட்டே பேசினா. என்னென்ன சொன்னான்னு எல்லாம் உங்ககிட்டச் சொல்ல எனக்கு நாக்கு வரலீங்க்கா. அவ்வளவு வெச்சிருந்திருக்கா உள்ள. என்னை ஒருத்தரும் அப்படித் திட்டினதில்ல, எங்க மாமியாகூட. கேக்கக் கேக்க எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது, ஆனா நிறுத்திருவாளோன்னும் பயமா இருக்குது. இது என்ன கூத்துன்னு நீங்களே சொல்லுங்க.

அழுது முடிச்சுட்டுப் பெட்டியைத் தூக்கி பெஞ்சு மேல வெச்சா. "ஊட்டுக்கு வர்றியா கண்ணு? லீவுக்கு இல்ல, மொத்தமா"ன்னு கேட்டேன். உள்ள போயிட்டா. நானும் பன்னுவும் உக்காந்திருந்தோம். முக்கா மணி நேரம் இருக்கும். வரமாட்டான்னே முடிவு பண்ணிட்டேன். கெளம்பலாம்னு எந்திரிக்கறேன், பையும் பக்கெட்டுமா வர்றா. "உங்களுக்காக வரல. பன்னுவுக்காக வர்றேன்"னா. "செரி கண்ணு"ன்னேன் நானு.

அவங்கப்பாவைப் போன்ல பேச வெச்சேன், அப்பறம் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் பழைய ஸ்கூல்ல சேத்துவாங்களா என்னன்னு தெரியல. அவர்கிட்ட ரஸ்க்கு விசயம் இன்னும் சொல்லல. ஊட்டுக்குப் போயித்தான் சொல்லணும். என்ன சொல்லுவாரோ. அவ எதுவும் அவர்கிட்டச் சொன்னதே இல்லீங்க இத்தனை நாளா. நான் திட்டு வாங்கிருவேன்னு மறைச்சாளா, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டாளா, அதுவும் எனக்குத் தெரியல. கேக்க தைரியம் வரல.

பள்ளிபாளையம் வந்துருச்சே. நீங்க இறங்கணுமில்ல? முன் படியிலதானே இறங்குவீங்க? எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க்கா. அவ சீட்டைத் தாண்டறப்ப அவ மூஞ்சியை ஒருதடவை பாருங்க. நான் போனா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. சிரிக்கறாளான்னு கேக்கலீங்க, அதுக்கெல்லாம் நாளாகும். கோவம் இன்னும் இருக்குதான்னு மட்டும் பாருங்க. இருந்தா கீழ நின்னு எனக்கு ஒரு தலையாட்டு ஆட்டுங்க, போதும். இல்ல, ஒண்ணுமே இல்லாம அமைதியா இருக்கறாள்னா...

அப்படி இருந்தாலும் சொல்லிட்டுப் போங்க. நான் எந்திரிச்சு அவ பக்கத்துலயே போயி உக்காந்துக்கறேன். நடுவுல வெச்ச பையை எடுன்னு நான் சொல்லி, அவ மூஞ்சியில அடிச்சாப்புல பேசினாலும் செரி.